எழுபத்திரண்டு கஜம் துணி

ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு எவ்வளவு துணி வேண்டும்? புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள், நாலே பேர். இந்தக் கேள்வியை நம் வீட்டுப் பெண்மணிகளிடம் கேட்டுப் பாருங்கள். "தினசரி உடுத்துவதற்கா, தீபாவளிக்கா? இந்த வருஷம் யார் வீட்டில் கலியாணம்?" என்று எதிர்க்கேள்விகள் புறப்படுமே தவிர, விடை வராது. ஆனால் நம் தேசத்தில் ஒரு சபை இதற்குத் தயக்கமின்றி விடை சொல்லியிருக்கிறது. தலைக்கு 18 கஜம். குடும்பத்துக்கு 72 கஜம். 1957-ஆம் வருஷம் ஜூலை மாதம் புது டில்லியில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மகாநாட்டில், சர்க்கார் பிரதிநிதிகளும் முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களின் பிரதிநிதிகளும் ஒன்றாக உட்கார்ந்து ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது.

துணி ஒரு பகுதிதான். ஒரு தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியை, அவனுடைய குடும்பத்தின் தேவையைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் சாரம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி உஷ்ணசக்தி தரும் உணவு, மேற்சொன்ன துணி, சர்க்காரின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் வாங்கும் வாடகை, விறகு, விளக்கு முதலிய சில்லறைச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு 20. சண்டையிட்டுக்கொண்டே வந்த மூன்று தரப்பார், கலோரியையும் கஜத்தையும் எண்ணி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள் என்றால், அது எப்படி நேர்ந்தது என்று அறிய ஆசை உண்டாவது இயல்பு அல்லவா?

அந்தக் கதை நம் சென்னைப் பெரம்பூரிலிருந்து தொடங்குகிறது என்று சொன்னாலும் பிசகில்லை. 1918-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உபதலைவர்களுள் ஒருவர். மில்லில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது தொழிலாளரின் முக்கியமான குறைகளில் ஒன்று. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவதற்குப் பதிலாக உட்கார்ந்து உண்ணச் சில நிமிஷங்கள் கூட வேண்டும், அவ்வளவுதான். இதைப் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் சங்கத்தோடு பேசுவது என்பதே அந்நாளில் முதலாளிகளுக்கு அவமானமாகத் தோன்றிற்று. கதவடைப்பு, வேலைநிறுத்தம், 1920 டிசம்பரில் துப்பாக்கிப் பிரயோகம் என்று விஷயம் முற்றியது. முடிவில் மில் முதலாளிகள் ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியா மீதே தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள். தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. சங்கம் வைப்பதற்கே சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்பதை அந்த வழக்கு தேசத்துக்கெல்லாம் எடுத்துக் காட்டியது. அப்பாதுகாப்பைத் தந்த தொழிற்சங்கச் சட்டம் 1926-ல்தான் வந்தது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு காரியம் நடந்தது. 1919-ஆம் வருஷம் வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையின் பயனாகச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் பிறந்தது. அதன் மகாநாட்டுக்கு ஒவ்வொரு தேசமும் நாலு பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும். சர்க்காருக்கு இருவர், முதலாளிகளுக்கு ஒருவர், தொழிலாளருக்கு ஒருவர். சொந்த சர்க்காருக்கு எதிராகவே தொழிலாளர் பிரதிநிதி வோட்டுப் போடலாம் என்பது அதன் விசேஷம். இந்தியா அப்பொழுது அடிமை நாடாயிருந்தும் ஆரம்பத்திலிருந்தே அதில் அங்கத்தினராயிற்று. அந்த வருஷமே வாஷிங்டனில் கூடிய முதல் மகாநாட்டுக்கு என். எம். ஜோஷி நம் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது தொழிலாளர் அல்ல, சர்க்கார்! "எங்கள் பிரதிநிதியை நாங்களே பொறுக்குவோம்" என்ற ரோஷமும் சேர்ந்துதான் 1920 அக்டோபரில் லாலா லஜபதி ராயின் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பம்பாயில் கூடியது.

ஜினீவாவில் மூன்று தரப்பாரும் கூடிப் பேசலாம் என்றால், டில்லியில் ஏன் கூடாது? இந்தக் கேள்விக்கு விடை வர இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்கும் ஒரு யுத்தம் வேண்டியிருந்தது. சர்க்காருக்குத் தொழிலாளரிடம் திடீரென்று கருணை பிறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். யுத்தத் தளவாடங்கள் குவிய வேண்டும். ஆலைகள் நிற்கக் கூடாது. விலைவாசியோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. முந்திய கூட்டங்களில் சர்க்கார்காரர்கள் மட்டுமே பேசிக் கலைந்தார்கள். 1942-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ஆம் தேதி முதல் தடவையாக முதலாளிகளையும் தொழிலாளரையும் சேர்த்து அழைத்தார்கள். தலைமை வகித்தவர் டாக்டர் அம்பேத்கார். வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகாவை அவர் ஏற்றுக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அந்தத் தேதியை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அதே ஆகஸ்டு 7-ஆம் தேதிதான் பம்பாய் கோவாலியா மைதானத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடிற்று. மறுநாள் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம். தேசத்தின் கண்ணும் காதும் பம்பாயின் பக்கம் திரும்பியிருந்தபோது, டில்லியில் நடந்த இந்தக் கூட்டத்தை யார் சட்டை செய்திருப்பார்கள்? நானும் பல வருஷம் சரித்திரப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் சொல்லாமலே விட்டிருக்கிறேன்.

மகாநாடு ஒன்று, அதற்கு உதவியாக நிலையான கமிட்டி ஒன்று என்று ஏற்பாடாயிற்று. இவற்றுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. யோசனை சொல்லலாம், அவ்வளவே. அதனாலேயே பலர் இதனை வெறும் பேச்சு மடம் என்று பரிகசித்தார்கள். ஆனால் பின்னால் வந்த சட்டங்களின் வரிசையைப் பார்த்தால் அந்தப் பரிகாசம் நிற்காது. 1945-ல் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. 1946-ல் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாக வேலை நேரக் குறைப்பு. அதே வருஷம், ஆலையின் விதிகளை எழுதி எல்லோரும் அறிய வைக்க வேண்டும் என்ற நிலையுத்தரவுச் சட்டம். 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், பி. பி. அடார்க்கரின் அறிக்கையை அடியொற்றிய இன்ஷூரன்ஸ் சட்டமும், புதிய தொழிற்சாலைச் சட்டமும். அந்தத் தொழிற்சாலைச் சட்டப்படி, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காண்டீன் ஏற்படுத்தச் சர்க்கார் கட்டாயப்படுத்த முடிந்தது. அதை நடத்தும் முறையில் தொழிலாளருக்கும் குரல் இருந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றும் அப்போது விதிக்கப்பட்டது. பெரம்பூரில் உட்கார்ந்து உண்ண நேரமில்லாதவர்களின் பிள்ளைகள் காலத்தில் இவ்வளவு தூரம் வந்தோம்.

சட்டம் வருவதற்கு முன்பே எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால், சட்டம் வந்த பிறகு "இது நடக்கவே நடக்காது" என்று முதலாளி கூச்சல் போட முடியாது. "எங்களைக் கேட்காமல் செய்தீர்கள்" என்று தொழிலாளியும் சொல்ல முடியாது. அதிகாரமில்லாத மகாநாட்டின் பலம் அங்கேதான் இருந்தது என்பது என் அபிப்பிராயம். இதற்கு மாறான அபிப்பிராயமும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1937-ல் தொழில் மந்திரியாகவும் பிறகு மத்திய மந்திரியாகவும் இருந்த வி. வி. கிரி, முதலாளியும் தொழிலாளியும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்; சர்க்கார் இடையே புகப் புக இருவருமே சோம்பிப் போவார்கள் என்ற கொள்கை உடையவர். பாங்கி ஊழியர் தகராறில் மேல் டிரிப்யூனலின் தீர்ப்பைச் சர்க்கார் மாற்றியதும் 1954-ல் மந்திரி பதவியை உதறிவிட்டார்.

1957 மகாநாட்டுக்குத் தலைமை வகித்த குல்ஜாரிலால் நந்தாவோ, ஆமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தில் இருபது வருஷத்துக்கு மேல் காரியதரிசியாயிருந்து தேர்ந்தவர். காந்திஜி 1918-ல் அங்கே நடத்திய போராட்டத்தின் வழியில் வளர்ந்த சங்கம் அது. சண்டை எவ்வளவு கடுமையானாலும் பேச்சை நிறுத்தக் கூடாது என்பது அச்சங்கத்தின் பழக்கம்.

2,700 கலோரி என்ற எண்ணும் நம் பக்கத்துச் சரக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சிபாரிசு செய்த டாக்டர் ஆய்க்ராய்டு, 1935 முதல் பத்து வருஷம் நீலகிரியில் குன்னூர் உணவு ஆராய்ச்சிச் சாலையின் தலைவராயிருந்தவர். அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரை என்று நாம் உண்பவற்றையெல்லாம் சோதித்து எதில் என்ன சத்து என்று அட்டவணை போட்டவர். வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் அவர் அங்கத்தினர். பசியின் அளவை அறிந்தவர் போட்ட கணக்கு என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு நாள் என் ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கணக்கையே வீட்டுப் பாடமாகக் கொடுத்தேன். கூலி வாங்குகிறவன் ஒரு பங்கு, மனைவி 0.8, குழந்தைகள் ஒவ்வொன்றும் 0.6, ஆக மூன்று பங்கு. இது வழக்கமான கணக்கு முறை. "சாப்பாட்டுக்கு மூன்று பேர், துணிக்கு மட்டும் நாலு பேரா?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. மனைவியின் சம்பாத்தியத்தைச் சேர்க்கவே கூடாது என்று தீர்மானத்தில் கண்டிருப்பதை விளக்கினேன். சேர்த்தால், "உன் பெண்டாட்டிதான் வேலைக்குப் போகிறாளே" என்று முதலாளி கூலியைக் குறைத்துவிடுவான் அல்லவா? எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பொழுது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் தகப்பனார் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறவர்.

"ஸார், பாட்டியை எந்தப் பங்கிலே சேர்க்கிறது?" என்றாள்.

நான் தீர்மானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாட்டி அதில் இல்லை.

பாட்டி இல்லாத அந்தக் கணக்குக்கே எத்தனை இடையூறு! தீர்மானத்துக்குக் கைதூக்கிய சர்க்காரே, தன் சொந்தச் சிப்பந்திகளுக்கு அதன்படி கொடுக்க வேண்டும் என்றதும் பின்வாங்கிற்று. மகாநாட்டுத் தீர்மானம் சர்க்காரைக் கட்டுப்படுத்தாது என்று நிதி இலாகா சொல்லிவிட்டது. இரண்டாவது சம்பளக் கமிஷனும் அந்த அளவுகோலை ஒப்பவில்லை. அதன் பலனாக 1960 ஜூலையில் மத்திய சர்க்கார் சிப்பந்திகள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சட்டத்தால் அது அடக்கப்பட்டது. பிறருக்கு உபதேசம் செய்த முதலாளியே, தன் பை என்று வந்ததும் மற்ற முதலாளிகளைப் போலவே நடந்துகொண்டான்.

ஆனாலும் தீர்மானம் சாகவில்லை. கோர்ட்டுகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. சென்னையில் கிளை வைத்திருந்த ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்துக் கம்பெனிக்கும் அதன் தொழிலாளருக்கும் பஞ்சப்படி பற்றி எழுந்த வழக்கில் 1991-ல் தீர்ப்பளித்த ஸுப்ரீம் கோர்ட், பழைய கணக்குடன் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தது. குழந்தைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, கலியாணம், முதுமைக் காலம் ஆகியவற்றுக்காகக் கூலியில் நூற்றுக்கு 25. மனிதன் உண்டு உடுத்தால் மட்டும் போதாது, பொங்கலும் கொண்டாட வேண்டும் என்பதை மேல் கோர்ட் ஒப்புக்கொண்டது. ஏழாவது சம்பளக் கமிஷனும் 2015-ல் மாதம் 18,000 ரூபாய் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தை 1957-ஆம் வருஷத்துக் கணக்கை வைத்தே வரவழைத்தது. முன்பு மறுத்த இலாகாக்கள் அறுபது வருஷம் கழித்து அதே வாசலில் வந்து நின்றன.

அதே 2015 ஜூலையில் மகாநாட்டின் நாற்பத்தாறாவது கூட்டம் டில்லியில் நடந்தது. அதற்குப் பின் பத்து வருஷத்தில் நாற்பத்தேழாவது கூடவில்லை. பழைய தொழிலாளர் சட்டங்களையெல்லாம் திரட்டி நாலு தொகுப்புகளாக்கும் பெரிய காரியம் 2019, 2020 வருஷங்களில் பார்லிமெண்டில் முடிந்தது. மகாநாட்டைக் கூட்டாமல் இதைச் செய்யலாமா என்று தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. புதிய சட்டங்களின் குணதோஷங்களை அலச இங்கே இடமில்லை. ஆனால் மூன்று தரப்பாரும் முகத்துக்கு முகம் பேசுவதற்கென்றே ஏற்பட்ட கூடத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, அவர்களுக்கான சட்டத்தை மட்டும் திறந்து வைப்பது எனக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

கூலிச் சட்டத்துக்காக 2020-ல் வெளியான வரைவு விதிகளைத் தருவித்துப் படித்தேன். 2,700 கலோரி அப்படியே இருந்தது. கோர்ட் சேர்த்த நூற்றுக்கு 25-ம் இருந்தது. துணிக்கு எதிரே 66 மீட்டர் என்று கண்டிருந்தது. காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பழைய 72 கஜமேதான். அளவுகோல் மாறியிருக்கிறது, துணி மாறவில்லை. குடும்பம் எது என்று சொல்லும் வரியையும் பார்த்தேன். கூலி வாங்குகிறவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, இரண்டு குழந்தைகள்.

வகுப்பில் அந்தப் பெண் விட்டிருந்த கணக்கை மறுநாள் முடித்துக் கொண்டுவந்தாள். பாட்டிக்கு 0.8 போட்டு, மூன்று பங்கை 3.8 ஆக்கியிருந்தாள். துணிக்கு 90 கஜம். "வெள்ளைப் புடவைதான் கட்டும் ஸார், அது சீக்கிரம் நைந்து போகும்" என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்.