ஊளையிடும் பற்கள்

காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ‘ஊய்ங்…’ என்று ஒரு ஊளை கேட்கிறதே, அது பழுதல்ல. பல மேனுவல் கார்களில் ரிவர்ஸ் கியரின் பற்கள் மட்டும் நேராக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பல் தன் முழு நீளத்துக்கும் ஒரே சமயத்தில் எதிர்ப்பல்லின் மேல் போய் உட்காரும்; அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சிறு தட்டல். நொடிக்குச் சில நூறு தட்டல்கள் வந்தால் காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காது. ஒரே ஸ்வரமாகக் கேட்கும்.

முன்னோக்கிப் போகும் கியர்களில் பற்கள் சாய்வானவை. இந்தச் சாய்பல் சக்கரத்தில் பல் ஓர் ஓரத்தில் தொடங்கி மெல்ல மெல்லப் பொருந்தும். அது விலகுமுன் அடுத்த பல் பாரத்தை ஏற்றுவிடும். ஆனால் சாய்ந்த பற்கள் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். எதிரெதிர்ச் சாய்வுகள் இரண்டை ஒரே சக்கரத்தில் வெட்டினால் அந்தத் தள்ளலும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். அப்படிப்பட்ட அம்புமுனைப் பற்சக்கரங்களைச் செய்து விற்றவர்தான் பிரான்சின் ஆந்த்ரே சிட்ரோன். 1919இல் கார் செய்ய வந்தபோது அம்புமுனைகளையே சின்னமாக வைத்தார். நம் திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோன் கார்களின் மூக்கிலும் அந்தப் பற்கள்தான்.

சாய்பல்லும் ஏன் ஊளையிடுகிறது? குறையே இல்லாத பல் உலகில் இல்லை. ஓட்டும் சக்கரம் சீராகச் சுழன்றாலும், ஓடும் சக்கரம் இம்மியளவு முந்தும், பிந்தும். இதைக் கடத்தல் பிழை என்பார்கள். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே போதும், கேபினுக்குள் ஊளை கேட்கும்.

இந்த ஊளை ஒரு கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் நொடிக்கு ஒன்பது தடவைக்குச் சற்று மேல் சுற்றும். விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் பெரிய பற்சக்கரத்தில் 70 பற்கள் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 650 பற்கள் வந்து பொருந்துகின்றன. அதுவே ஊளையின் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண். வேகம் 30க்கு இறங்கினால் அது 325 ஆகும்; சங்கீதக் கணக்கில் சரியாக ஒரு ஸ்தாயி கீழே.

ஆகவே சுருதி எதன் பின்னால் போகிறது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேகம் 50இல் நிற்க, மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றுங்கள். எஞ்சினின் சுழற்சி குறையும். சக்கரத்தின் சுழற்சி மாறாது. சுருதியும் கூடவே இறங்கினால் ஆள் எஞ்சின் பக்கம்: ஆல்டர்னேட்டர், பெல்ட், பவர் ஸ்டீயரிங் பம்ப், எஞ்சினின் விசையை வாங்கும் கியர்பாக்ஸின் முன்தண்டு. இறங்காவிட்டால் டிஃபரன்ஷியல், வீல் பேரிங், டயர். ஒரே ஒரு கியரில் மட்டும் கேட்டால் அந்த ஜோடிப் பற்களைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை ஆக்ஸிலேட்டரில் இருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகங்கள். மிதிக்கும்போது ஒரு முகம் பாரம் தாங்கும். காலை எடுத்ததும் சக்கரம் எஞ்சினை இழுக்கத் தொடங்கும், பாரம் மறுமுகத்துக்கு மாறிவிடும். மிதிக்கும்போது கேட்ட ஊளை காலெடுத்ததும் அடங்கினால் பல்லின் மேல் சந்தேகப்படலாம். வீல் பேரிங்குக்கு வளைவுதான் கணக்கு. இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறியதும் ஓசை மாறினால் அது டயர்.

நின்ற இடத்திலேயே செய்யும் சோதனையும் ஒன்று உண்டு. நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் ஓசை நின்றால் முன்தண்டின் பேரிங். மிதித்த பிறகே தொடங்கினால் கிளட்சின் ரிலீஸ் பேரிங். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை!

சரிசெய்வதில் முதலில் பார்க்க வேண்டியது கியர் ஆயில். பற்கள் தொடும் மெல்லிய கோட்டில் அழுத்தம், டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஐயாயிரம் மடங்கு வரை போகும். அந்த நெருக்கடியில் ஆயில் கணநேரம் ஏறத்தாழத் திடப்பொருளாக இறுகி இரும்பையும் இரும்பையும் பிரித்து வைக்கிறது. தாண்டியதும் மீண்டும் திரவம். சீல் கசிந்து ஆயில் குறைந்தால் அந்தப் படலம் அறும், ஊளை தொடங்கும். லெவல் பிளக்கைத் திறந்து விரல்விட்டுப் பார்க்கச் செலவு அதிகமில்லை.

பல்லே தேய்ந்திருந்தால் நுணுக்கமான வேலை. லாரி, ஜீப்புகளின் பின்பக்க ஹவுசிங்கில் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தின் பற்கள் சிலவற்றில் மெக்கானிக் மை தடவிக் கையால் சுற்றுவார். அதை ஓட்டும் சிறிய பற்சக்கரமான பினியன் தொட்ட இடத்தில் மை விலகித் தடம் தெரியும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஒதுங்கினால் ஷிம் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நகர்த்துவார். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்பட்டவை; ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பல் எண்ணிக்கையிலும் ஒரு தந்திரம் உண்டு. 10க்கு 40 என்றால் பினியனின் ஒரு பல் எப்போதும் அதே நான்கு பற்களைத்தான் சந்திக்கும். 10க்கு 41 என்றால் முறைவைத்து எல்லாவற்றையும் சந்திக்கும், தேய்மானமும் பரவலாகும்.

வீல் பேரிங் இரைச்சலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முற்றினால் சக்கரமே ஆடும். பட்டறைக்குப் போனால் ‘ஒரு மாதிரி சத்தம் வருது’ என்பதோடு நிறுத்தாமல், எந்த வேகத்தில், எந்தக் கியரில், காலெடுத்தால் என்ன ஆகிறது என்றும் சொல்லுங்கள். வீணாகக் கழற்றிப் பூட்டும் கூலி மிச்சமாகும்.