எந்தக் கோழி பிழைக்கும்?

பெங்களூரு ஜோகுபாளையத்துக் கறிக்கடையில் நாட்டுக்கோழிக்கு மட்டும் ஏன் இந்த விலை என்று கேட்டால், "இதுக்கு நோய் நொடியே வராது" என்பார்கள். பாதிதான் உண்மை. வெள்ளைக்கழிச்சல் புகுந்துவிட்டால் நாட்டுக்கோழிப் பட்டியும் சில நாளில் காலி. ஆனாலும் ஒன்றிரண்டு தப்பித்துக் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். எல்லாம் அதிர்ஷ்டம் இல்லை. கொஞ்சம் பரம்பரையும் உண்டு.

பரம்பரையின் பங்கு பளிச்சென்று தெரிவது மாரெக் நோயில். 1907இல் ஹங்கேரி கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் விவரித்தது. ஒரு காலை முன்னேயும் மறு காலைப் பின்னேயும் நீட்டியபடி கோழி விழுந்து கிடக்கும், உள்ளே கட்டிகள். இறகுத் தூசியில் பரவும் வைரஸ் இது.

இதில் பரம்பரை எங்கே வருகிறது? உடலின் செல்கள் தமக்குள் புகுந்த வைரஸின் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதைப் பார்த்துத்தான் எதிர்ப்பு அணுக்கள் பாயும். ஏந்திக் காட்டும் இந்தப் புரதங்களுக்கு மனிதரிடம் மூன்று முக்கிய மரபணுக்கள். கோழி பெரும்பாலும் ஒன்றையே நம்பியிருக்கிறது. மூன்று வாசல் உள்ள வீட்டில் ஒன்று அடைபட்டால் பாதகமில்லை. ஒற்றை வாசல் வீட்டில் அப்படியா? அதனால்தான் கோழிக்கு அந்த மரபணுவின் எந்த வகை வாய்த்தது என்பது உயிர்ப் பிரச்சினை. 'பி21' வகை பலவிதத் துணுக்குகளைப் பிடிக்கும். அது உள்ள கோழிகள் மாரெக்கைப் பெரும்பாலும் தாங்கிவிடும். 'பி19' உள்ளவை எளிதில் சாய்கின்றன.

அப்படியானால் எல்லாவற்றையும் பி21 ஆக்கிவிடலாமே? மாரெக்கைத் தாங்குவது இன்னொரு நோயையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஒரே அச்சில் வார்த்த மந்தையில் ஒன்றைச் சாய்க்கும் கிருமி அனைத்தையும் சாய்க்கும். பலவகை கலந்த பட்டிக்கு உள்ள பலம் அதுதான்.

நகரின் வடக்கே, ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் புறக்கடை வளர்ப்புக்கென்று உருவானது கிரிராஜா கோழி. தாக்குப்பிடிக்கும் இனம் என்று பேர். ஆனாலும் தடுப்பூசி இல்லாமல் விடக் கூடாது. முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. மாரெக் ஊசியைப் பொரிப்பகத்திலேயே, பிறந்த அன்றே கழுத்தில் போடுவார்கள். அது கட்டியைத் தடுக்கும், வைரஸ் தொற்றுவதைத் தடுக்காது. கிருமி ஏறிய பிறகு போட்டுப் பெரிய பயனில்லை என்பதால், குஞ்சு வாங்கும்போதே அந்த ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுவிடுங்கள்.