பைக்கால் ஏரி

உலகிலுள்ள நன்னீர் ஏரிகளுட் பரப்பினாற் பெரியன வேறு உள. ஆயினும் ஆழத்தினாலும் கொள்ளும் நீரின் அளவினாலும் முதலிடம் பெறுவது சைபீரியாவின் தென்பாகத்திலுள்ள பைக்கால் ஏரியேயாகும். பிறைமதி போல வளைந்து கிடக்கும் இதன் நீளம் ஏறக்குறைய 636 கிலோமீற்றர். மிகக் கூடிய ஆழம் 1,642 மீற்றர். புவியின் மேற்பரப்பில் உறையாதுள்ள நன்னீரில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இவ்வோர் ஏரியிலேயே அடங்கியுளது.

இத்துணை ஆழம் எங்ஙனம் உண்டாயிற்று? ஆறுகள் அரித்தோ பனிக்கட்டியாறுகள் அகழ்ந்தோ இப்பள்ளம் தோன்றவில்லை. புவியோடு இருமருங்கும் இழுபட்டுப் பிளக்க, இடைப்பட்ட நிலம் கீழிறங்கிற்று. ஆழத்தில் இரண்டாவதாகிய ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியும் இவ்வாறு பிறந்ததே. பெரும்பாலான ஏரிகள் ஆறுகள் கொணரும் அடையலாற் காலப்போக்கில் தூர்ந்து மறையும். பைக்காலின் அடியிலும் பல கிலோமீற்றர் தடிப்புள்ள அடையல் படிந்துளது. எனினும், நிலம் தொடர்ந்து தாழ்ந்து வருவதால், ஏறக்குறைய 250 இலட்சம் ஆண்டுகள் கழிந்தும் அது தூரவில்லை. 1862 ஆம் ஆண்டு சனவரியில் நேர்ந்த நிலநடுக்கத்தாற் செலெங்கா ஆற்றின் கழிமுகத்தையடுத்த புல்வெளியொன்று நீருள் அமிழ்ந்து குடாவாயிற்று. நிலத்தின் இயக்கம் இன்னும் ஓயவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

முந்நூறுக்கு மேற்பட்ட ஆறுகள் இவ்வேரியை அடைகின்றன. அவற்றுட் பெரியது மொங்கோலியாவிலிருந்து வரும் செலெங்கா. வெளியேறுவதோ அங்காரா ஒன்றே. அது யெனிசியுடன் கலந்து ஆட்டிக் சமுத்திரத்தை நாடிச் செல்லும். சனவரி தொடக்கம் மே வரை ஏரியின் பெரும்பாகம் உறைந்து கிடக்கும். 1904 ஆம் ஆண்டு யப்பானுடன் போர் மூண்டபோது, உருசியர் இப்பனிக்கட்டியின் மீது தண்டவாளம் அமைத்துப் புகைவண்டிப் பெட்டிகளை அக்கரை சேர்த்தனர்.

ஆழமான பல ஏரிகளின் அடிநீரில் ஒட்சிசன் அற்றுப்போதலால் ஆங்கு உயிர்கள் வாழ்தல் அரிது. பைக்காலிலோ குளிர்ந்த மேனீர் கீழிறங்கிக் கலத்தலால் அடிவரை ஒட்சிசன் உண்டு. வேறெங்கும் காணப்படாத உயிரினங்கள் பல இங்கே தோன்றி நிலைத்தன. கொலோமியங்கா என்னும் மீன் செதிளற்றது; கொழுப்பு மிக்கது; முட்டையிடாது குஞ்சுகளையே ஈனுவது. நேர்ப்பா எனப்படும் கடல்நாய், கடலை விட்டு நெடுந்தொலைவிலுள்ள இந்நன்னீரிலேயே வாழ்கின்றது. எப்பிசூரா என்னும் நுண்ணுயிர் பாசிகளை வடித்துண்டு நீரின் தெளிவுக்குத் துணைபுரிகின்றது. நீர் மிகத் தெளிந்த காலத்தில் 40 மீற்றர் ஆழத்திலுள்ள பொருளும் கண்ணுக்குப் புலனாகும்.

இத்துணைப் பெருமையும் பாதுகாப்பாகாது. ஏரியின் கொள்ளளவை நோக்க, அங்காரா வழியாக ஆண்டுதோறும் வெளியேறும் நீர் மிகச் சிறிது. ஆதலின் ஏரிநீர் முற்றும் புதிதாதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். இன்று கலக்கும் மாசின் பயனைப் பல தலைமுறையினர் நுகர்தல் வேண்டும். தென்கரையில் 1966 இல் தொடங்கிய கடதாசிக் கூழ் ஆலையின் கழிவு பற்றி எழுந்த வழக்கு நெடிது நீண்டு, 2013 இலேயே அவ்வாலை மூடப்பட்டது. 1996 இல் யுனெஸ்கோ இவ்வேரியை உலக மரபுரிமையாக ஏற்றது.

மாசினும் நுண்ணிதான மற்றோர் ஏதமும் உண்டு. இர்க்குட்ஸ்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிகயில் கோசோவ் 1940களின் நடுப்பகுதியில் ஏரிநீரை ஒழுங்காக அளக்கத் தொடங்கினார். அப்பணியை அவர் மகளும் பின்னர்ப் பேர்த்தியும் தொடர்ந்தனர். கோடையிற் படகிலும் மாரியிற் பனிக்கட்டியைத் துளைத்தும் பெற்ற அவ்வளவுகள், அறுபதாண்டுக் காலத்தில் மேனீரின் வெப்பம் ஏறக்குறைய 1.2 பாகை உயர்ந்துள்ளதைக் காட்டின. பனிக்கட்டி மீதே குட்டி ஈனும் நேர்ப்பாவுக்கு அஃது உறைந்திருக்கும் காலம் குறைதல் பெருங்கேடாகும். ஓராண்டு அளவையாற் புலப்படாத இம்மாற்றம், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை உழைப்பினாலேயே உலகிற்குத் தெரியவந்தது.