வேண்டும்பொழுது வரும் துணை



பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணியைக் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் வாய்க்கால்களில் திருப்பிவிடுகின்றன. திருநெல்வேலிச் சீமையில் எந்த உழவரும் தம் வயலுக்கெனத் தனியே ஓர் ஆறு வெட்டுவதில்லை. வேண்டும்பொழுது மடையைத் திறந்துகொள்கிறார். கணிப்பொறியிலும் இத்தகைய பொது ஏற்பாடு ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கணிப்பொறிக்கு நாம் இடும் ஏவல்களின் தொகுதியே நிரல். நிரல்கள் பலவற்றுக்கும் பொதுவான வேலைகள் சில உண்டு. 'கொ' என்னும் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் நிற்கின்றன. திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னுமாகத் தோன்றவேண்டும். இதனை ஒவ்வொரு நிரலும் தனித்தனியே கற்க வேண்டுமா? வேண்டுவதில்லை. ஹார்ஃப்பஸ் என்னும் நூலகம் அதனைச் செய்து தருகிறது. பொதுவேலைகளின் தொகுப்பையே நூலகம் என்கிறோம்.

நூலகத்தை நிரலோடு இணைக்கும் வழிகள் இரண்டு. நிரலை உருவாக்கும்போதே அதன் படியொன்றை உள்ளே ஒட்டிவிடுவது ஒன்று. நூலகத்தைத் தனிக் கோப்பாக வைத்து, நிரல் ஓடும்போது அழைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாம் வழியை 1960களிலேயே மல்டிக்ஸ் என்னும் இயக்க முறைமை கையாண்டது. இன்று லினக்ஸில் 'டிஎல்ஓப்பன்' என்னும் ஏவல் நூலகத்தைத் தேடி நினைவகத்துக்குக் கொணர்கிறது. 'டிஎல்சிம்' அதனுள் நமக்கு வேண்டிய செயற்கூறு இருக்கும் முகவரியைச் சொல்கிறது. நூலகத்தின் ஏவல்கள் ஒரே படியாக நின்று பல நிரல்களுக்கும் பயன்படுகின்றன. ஒவ்வொரு நிரலின் தரவும் தனித்தே இருக்கும்.

பொதுவாக இருப்பதில் நலமும் உண்டு, இடரும் உண்டு. இணையச் செய்திகளை மறைகுறியாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தில், கடவுச்சொற்களும் கசியக்கூடிய பிழையொன்று இருப்பது 2014 ஏப்ரலில் வெளியாயிற்று. தலைமடையில் நேர்ந்த கேடு கடைமடை வரை பரவியது போலாயிற்று. ஆயினும், நூலகத்தைத் தனிக் கோப்பாக வைத்திருந்த கணிப்பொறிகளில் அக்கோப்பொன்றை மாற்றி, நிரல்களை மறுபடி தொடங்கியதும் அவையனைத்திலும் அப்பிழை நீங்கிற்று. படியை உள்ளே ஒட்டிக்கொண்ட நிரல்களையோ ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

நிரல் எழுதப் புகும் உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. முதலாவது, அழைத்த நூலகம் கிடைக்காமலும் போகலாம்; வெறும் விடை வந்ததா என்று சோதியாமல் மேலே செல்லும் நிரல் நடுவழியில் நின்றுவிடும். இரண்டாவது, நூலகம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை உறுதிசெய்யுங்கள். அதே பெயரில் தீய கோப்பொன்றைப் பிறர் வைத்திருக்கக்கூடும். துணையை அழைப்பது எளிது. வந்தது நம் துணைதானா என்று பார்ப்பதே அறிவுடைமை.