"சித்தி, அந்த மாமா எப்போ எந்திரிப்பாரு?" - சூப்பர் ஹீரோ படத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகும் முன்..!

அக்கா மகனுக்கு ஆறு வயது. 2025 ஜூலையில் 'சூப்பர்மேன்' வந்தபோது, போஸ்டரில் இருந்த நாயைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் நச்சரித்தான். சிவப்புத் துண்டை முதுகில் கட்டிக்கொண்டே தியேட்டருக்கு வந்தான். கட்டடங்கள் சரிந்தன, ராட்சத விலங்கு ஊருக்குள் புகுந்தது, சூப்பர்மேன் அடிவாங்கிப் பனியில் விழுந்தார். எதற்கும் அசரவில்லை. நாய் வந்த ஒவ்வொரு முறையும் சீட் மேல் ஏறி நின்று சிரித்தான்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. (படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.) அடிபட்டுக் கிடந்த சூப்பர்மேனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட, தெருவோரத்தில் உணவு விற்கும் ஒரு சாதாரண மனிதர். அவர் தலையில் வில்லன் துப்பாக்கியை வைத்து விசையை அழுத்துகிறான். முதலில் வெறும் 'க்ளிக்'. கடைசியில் குண்டு பாய்கிறது. ரத்தம் பெரிதாகக் காட்டப்படவில்லை. பக்கத்திலேயே அடைபட்டுக் கிடக்கும் சூப்பர்மேனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்கா மகன் சத்தமே போடவில்லை. பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டான். இரவு படுக்கும்போதுதான் கேட்டான், "சித்தி, அந்த மாமா எப்போ எந்திரிப்பாரு?"

"அது சும்மா நடிப்புடா" என்றேன். அந்த வாரம் முழுக்க லைட் எரிந்தால்தான் தூங்கினான். அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

சினிமா செய்திகளைத் தினமும் எழுதுகிற எனக்கே இது தோன்றவில்லை. படம் யு/ஏ 13+ என்று டிக்கெட் ஆப்பில் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. பார்த்தேன். 'சூப்பர்மேன்தானே' என்று கடந்துவிட்டேன். நம்மில் பலர் செய்வது இதைத்தான். பறக்கிற ஹீரோ, கலர் டிரஸ், பொம்மைக் கடையில் விற்கிற முகமூடி என்றால் அது குழந்தைகள் படம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டில் 1983-ல் யு/ஏ என்ற பிரிவு வந்தது. 'பெற்றோர் யோசித்து முடிவெடுங்கள்' என்பதுதான் அதன் பொருள். நாற்பது ஆண்டுகள் அந்த ஒரே முத்திரைதான் எல்லாவற்றுக்கும். 'ஆன்ட்-மேன்' போன்ற கலகல படமும் யு/ஏ. தொடர் கொலைகாரனைத் தேடி அலையும் 2022-ன் 'தி பேட்மேன்' படமும் யு/ஏ. அந்த 'பேட்மேன்' படத்தின் ஆரம்பத்திலேயே ஒரு மேயர் கொல்லப்பட்டு, முகம் முழுக்க டேப் சுற்றப்பட்டுக் கிடப்பார். உடலை முதலில் பார்ப்பது அவருடைய சின்ன மகன். ஓடும் நேரமோ கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்.

2023-ல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. யு/ஏ 16+ படத்துக்கு ஆறு வயதுக் குழந்தையோடு போனாலும் தியேட்டர் வாசலில் யாரும் தடுக்க வேண்டியதில்லை. தடுக்க வேண்டியவர் நீங்கள் மட்டும்தான். ஏ சான்றிதழ் மட்டும் வேறு. பெற்றோர் கூடவே வந்தாலும் 18 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது. சிவப்பு டிரஸ்ஸையும் காமெடியையும் பார்த்து 'டெட்பூல் & வுல்வரின்' படத்துக்குக் குழந்தையோடு கிளம்பக் கூடாது என்பது அதனால்தான். அது ஏ.

இன்னொரு சிக்கல், தணிக்கை வாரியத்தின் கவலையும் உங்கள் கவலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதே 'சூப்பர்மேன்' படத்தில் முத்தக் காட்சியின் நீளத்தைக் குறைத்தார்கள், அது பெரிய பேச்சானது. துப்பாக்கிக் காட்சி பற்றி யாரும் பேசவில்லை. அக்கா மகனுக்கு முத்தம் ஒரு பொருட்டே இல்லை, 'ஐயே' என்று முகத்தைத் திருப்பியிருப்பான்.

பச்சை மனிதன் சொன்ன பாடம்

குழந்தைகள் எதற்குப் பயப்படுவார்கள் என்பதைப் பெரியவர்கள் சரியாக யூகிப்பதில்லை. இதற்கு சூப்பர் ஹீரோ உலகத்திலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1978 முதல் 'தி இன்க்ரெடிபிள் ஹல்க்' தொடர் ஓடியது. ஹல்க் நல்லவன், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுபவன். ஆனால் பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகள் அதைப் பார்த்து மிரண்டார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் கேன்டர், தன் சக ஆய்வாளரோடு இதை ஆராய்ந்தார். சட்டை கிழிந்து, கண் நிறம் மாறி, மனிதன் பச்சை ராட்சதனாக ஆகும் இடம்தான் சின்னக் குழந்தைகளை அதிகம் உலுக்கியது. உள்ளே இருப்பது அதே நல்ல மனிதர் என்பது அந்த வயதுக்குப் பிடிபடவில்லை. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கோ, ஹல்க் வந்ததும் நிம்மதி: 'இனி காப்பாத்திடுவான்.' அவர்கள் பயந்தது அதற்கு முன்பு, நிஜத்தில் நடக்கக்கூடிய ஆபத்துகளைப் பார்த்துத்தான்.

நாலைந்து வயதுக் குழந்தைக்கு முக்கியம் உருவம். கோரமான முகம், திடீரென்று மாறும் தோற்றம், இருட்டு, பெரிய சத்தம். கதைப்படி அது நல்ல பேயா கெட்ட பேயா என்பதெல்லாம் பிறகுதான். எட்டு, ஒன்பது வயதில் அது தலைகீழாகிறது. ராட்சதனைப் பார்த்துச் சிரிப்பார்கள்; ஆனால் துப்பாக்கி, கடத்தல், அம்மாவுக்கு விபத்து என்றால் மனதில் தங்கும். 'நமக்கும் நடக்கலாமே' என்ற யோசனை வந்துவிடுகிற வயது அது. அக்கா மகன் இரண்டுக்கும் நடுவில் நின்றிருக்கிறான் போலிருக்கிறது. இடிந்த நூறு கட்டடங்களைத் தாண்டிவிட்டு, ஒரே ஒரு மனிதரிடம் மாட்டிக்கொண்டான்.

அதனால் "சண்டை நிறைய இருக்கா?" என்ற கேள்வி அவ்வளவாக உதவாது. விண்வெளிப் பூச்சிகள் ஆயிரம் செத்தாலும் குழந்தை கவலைப்படாது. யாருக்கு அடிபடுகிறது, அவரைக் குழந்தைக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டதா, ஹீரோ காப்பாற்றிவிடுகிறாரா என்பதுதான் விஷயம்.

'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி 3' பாருங்கள். பேசும் ரக்கூன், பாட்டு, ஜோக். ஆனால் கதையின் மையம், கூண்டில் அடைத்துச் சோதனைக்கு உட்படுத்தப்படும் விலங்குக் குட்டிகள். ஒரு நீர்நாய், ஒரு வால்ரஸ், ஒரு முயல் என அந்த ரக்கூனின் நண்பர்கள் மூவரும் சாகிறார்கள். வீட்டில் பூனையோ நாயோ வளர்க்கும் குழந்தைக்கு எந்த அடிதடியையும்விட இது கனமானது. 'ஷஸாம்' போஸ்டரில் ஹீரோ பபுள்கம் ஊதுவார். படத்துக்குள் ஓர் அலுவலகக் கூட்ட அறையில் இருப்பவர்களை ராட்சதர்கள் கொல்லும் காட்சி இருக்கிறது. 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் பாகத்தை எடுத்தவர் 'ஈவில் டெட்' இயக்குநர் சாம் ரெய்மி. அதைத் தெரிந்துகொண்டு போயிருந்தால் பல பெற்றோர் பாதியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்க மாட்டார்கள்.

அதோடு, அப்பா அம்மாவை இழந்தால்தான் சூப்பர் ஹீரோ ஆக முடியும் என்று ஏதோ எழுதப்படாத விதி இருக்கிறது! பேட்மேனின் பெற்றோர் தெருவில் சுடப்படுகிறார்கள், சூப்பர்மேனின் கிரகமே வெடிக்கிறது, பிளாக் பேந்தரின் அப்பா குண்டுவெடிப்பில் போகிறார். கார்ட்டூன் என்றாலும் விலக்கில்லை. ரத்தமே இல்லாத 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் பையனின் பெரிய பயம், தன் அப்பா இறந்துவிடுவார் என்பது. அவர் பிழைப்பாரா என்று சொல்லாமலே படம் முடிகிறது. சமீபத்தில் தாத்தாவையோ வேறு யாரையோ இழந்த வீட்டுக் குழந்தைக்கு அது எப்படி இருக்கும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது. உங்களுக்குத்தான் தெரியும்.

ஐந்து நிமிட ஹோம்வொர்க்

முதல் நாளே போக வேண்டும் என்ற அவசரத்தை விட்டாலே பாதி வேலை முடிந்தது. படம் பார்த்த நண்பரிடம் "படம் எப்படி?" என்று கேட்காதீர்கள். "கண் முன்னாடி யாராவது சாகுறாங்களா? குழந்தை அப்பா அம்மாவைப் பிரியுதா? நாய், பூனைக்கு ஏதாவது ஆகுதா?" என்று கேளுங்கள். ஐ.எம்.டி.பி தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பெற்றோருக்கான தனிப் பக்கம் உண்டு. வன்முறை, பயமுறுத்தும் காட்சிகள் எனப் பிரித்து, பார்த்தவர்களே எழுதியிருப்பார்கள். 'காமன் சென்ஸ் மீடியா' என்ற அமெரிக்கத் தளம் எந்த வயதுக்கு ஏற்றது என்று காரணத்தோடு சொல்லும். இரண்டும் ஆங்கிலத்தில்தான். அமெரிக்கர்கள் கெட்ட வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள், அதை விட்டுவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

டிரெய்லரைக் குழந்தையோடு சேர்ந்து பாருங்கள், ஆனால் பார்வை திரையில் இருக்க வேண்டாம், குழந்தையின் முகத்தில் இருக்கட்டும். கூடவே ஓர் எச்சரிக்கை: டிரெய்லர் ஆள் பிடிக்க எடுப்பது. சோகம் அதில் இருக்காது.

சந்தேகமாக இருந்தால், ஓ.டி.டி-க்கு வரும்வரை பொறுங்கள். தியேட்டர் இருட்டில் சத்தத்தைக் குறைக்க முடியாது, நிறுத்த முடியாது. வீட்டில் முடியும். 2021-ன் விதிகள்படி ஓ.டி.டி தளங்கள் வயது வகையைக் காட்ட வேண்டும், யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். செட்டிங்ஸில் போய் அதைப் போட்டுவிடுங்கள். பின் நம்பர் 1234 என்று வைத்தால் உங்கள் பிள்ளை அன்றைக்கே திறந்துவிடும்!

தியேட்டருக்கே போகிறீர்கள் என்றால் ஓரத்து சீட், பகல் காட்சி. குழந்தை "போலாம்" என்றால் கிளம்பிவிடுங்கள். இது சொல்லச் சுலபம். நாலு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று செலவழித்துவிட்டு எழுவது கஷ்டம்தான். "இவ்ளோ காசு போட்டு வந்திருக்கோம், கண்ணை மூடிக்கோ" என்று சொல்வதை எல்லா தியேட்டரிலும் கேட்கிறேன். கண்ணை மூடினாலும் காது திறந்துதானே இருக்கிறது?

பயந்த பிறகு என்ன செய்வது? நான் சொன்ன 'சும்மா நடிப்பு' சின்னக் குழந்தைகளிடம் எடுபடாது என்கிறார் கேன்டர். மடியில் வைத்துக்கொள்வது, பிடித்த பொம்மையைக் கையில் கொடுப்பது, குடிக்க ஏதாவது தருவது, இவைதான் அந்த வயதுக்கு வேலை செய்யும். விளக்கமெல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு.

பயம் ஒரு பக்கம் என்றால், துணிச்சல் இன்னொரு பக்கம். துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதிப்பவனைப் பார்த்தால் ஜன்னலையும் மாடிக் கதவையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 90-களின் கடைசியில் 'சக்திமான்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'சூப்பர்மேன்' ஓ.டி.டி-யில் வந்ததும் அக்கா மகன் மறுபடி கேட்டான். அக்கா யோசித்தாள். "நாய் வர்ற சீன் மட்டும்" என்று ஒப்பந்தம். ரிமோட் அவன் கையில். நாய் வந்தது, சிரித்தான், தள்ளினான், மறுபடி நாய். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் நெருங்கிவிட்டது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. ரிமோட்டைத் தேடாமல், சட்டென்று என் மடியில் ஏறி என் கண்களைப் பொத்தினான்.

"சித்தி, நீ பார்க்காத. நான் சொல்றேன், அப்புறமா திற."