கேள்வித்தாள் கேட்காததை ஒரு கதை சொல்லும்

"மாணவர்கள் செய்து பார்த்து அறிவியல் கற்க வேண்டுமா?" என்று படிவம் நீட்டினால், பெரும்பாலான ஆசிரியர்கள் 'ஆம்' என்றுதான் குறிப்பார்கள். தமிழ்நாட்டில் அதுதான் சரியான விடைன்னு எல்லாருக்கும் தெரியும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. ஆனா பல வகுப்புகளில் இன்னும் கரும்பலகையைப் பார்த்து எழுதுறதுதான் நடக்குது. ஏன்?

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் ஒரு காரணம் சொன்னார்: ஆசிரியர் ஆவதற்கு முன்பே, பெஞ்சில் உட்கார்ந்து பல வருஷம் ஆசிரியர்களைப் பார்த்து வளர்கிறோம். அந்தப் பிம்பம் பி.எட். படித்தாலும் லேசில் அழியாது.

அதை வெளியே கொண்டுவர டிஜிட்டல் கதைசொல்லல் உதவும் என நினைக்கிறேன். 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி முதலானோர் வளர்த்த முறை இது: சொந்த அனுபவம், சொந்தக் குரல், சில புகைப்படங்கள், இரண்டு மூன்று நிமிஷம். இப்போ செல்போனே போதும்.

காஞ்சிபுரத்தை எடுத்துக்குங்க. கச்சாப் பட்டைக் கொதிக்கவைத்து, செரிசின் என்ற பசைப் புரதத்தை நீக்கிய பிறகுதான் சாயம் போடுவாங்க. முழுக்க வேதியியல்! அங்குள்ள ஆசிரியரிடம் "மறக்க முடியாத ஒரு வகுப்பைச் சொல்லுங்க"ன்னு கேட்டால், கதையில் சாயப்பட்டறை வருமா? கேள்வி கேட்பது பிள்ளையா, ஆசிரியரா? படத்தில் இருப்பது மாணவர் முகமா, மதிப்பெண் பட்டியலா? அவர் நம்பிக்கை அங்கேதான் தெரியும்.

ஒண்ணு கவனிக்கணும். அதிகாரி பார்ப்பார்னு தெரிஞ்சா கதையும் இன்னொரு படிவம் ஆயிடும். சக ஆசிரியர்கள் மட்டும் பார்க்கட்டும். யாரும் மதிப்பெண் போட வேண்டாம்.