கிரனாடா நகரில் உறைவிடமும் உணவும்

ஸ்பெயின் என்றவுடன் நம் சமுதாயத்தார் நெஞ்சில் எழுவன அல்ஹம்ரா அரண்மனையும் 1492ஆம் ஆண்டின் வீழ்ச்சியுமேயாம். அவை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். கிரனாடாவிற்குப் பயிலச் செல்லும் மாணவனுக்கோ முதல் வாரத்தில் எழும் வினா வேறு: எங்கே தங்குவது, எதை உண்பது? அதனையே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

கிரனாடாப் பல்கலைக்கழகம் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில், 1531இல் தோன்றியது. சுல்தான் முதலாம் யூசுஃப் 1349இல் எழுப்பிய மத்ரஸாவின் கட்டடம் இன்று அதன் உடைமையாக உள்ளது. மதுரைக்கு வந்து சென்ற இப்னு பதூதா 1350ஆம் ஆண்டளவில் இந்நகரையும் கண்டார். அங்குத் தங்கியிருந்த தர்வேசுகளுள் இருவர் இந்தியர் என்று குறித்துள்ளார். ஆகவே நம் மாணவன் அங்கு அடியெடுத்து வைக்கும் முதல் இந்தியன் அல்லன்!

மாணவர் மூவர் நால்வர் கூடி ஒரு வீட்டை வாடகைக்குக் கொள்வது அங்கு வழக்கம். அறை தனி, சமையலறை பொது. எனவே தனக்கென ஒரு வாணலியும் ஒரு பானையும் வாங்கிக்கொள்வதே முதற்கடமை என்போம்.

உணவு வேளை முதலில் திகைப்பூட்டும். பகலுணவு இரண்டு மணிக்கு மேல். இரவுணவு ஒன்பது மணிக்கு மேல். இதனைச் சோம்பல் எனக் கருதுவோர் உளர், அது பொருந்தாது. 1940இல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை மைய ஐரோப்பிய நேரத்திற்கு மாற்றிக்கொண்டது. அதனால் கோடையில் கிரனாடாவில் கதிரவன் உச்சி சாய்வதே ஏறத்தாழ 2.15 மணிக்குத்தான். ளுஹர் தொழுது பகலுணவு, ஜூன் மாதத்தில் மஃரிப் தொழுது இரவுணவு என்று அமைவது நம் மாணவனுக்கு இயல்பாகவே பொருந்திவிடும்.

இடர்ப்பாடு உணவு வகையில்தான். "இறைச்சி வேண்டா" என்று கூறினால் மட்டும் போதாது. ஹாமோன் எனப்படும் பதப்படுத்திய பன்றித் தொடையை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதோர் அங்குப் பலர். குளிர்ந்த தக்காளிக் கூழின்மேலும் அதனைத் தூவுவர். "செர்தோ", அதாவது பன்றி, வேண்டா என்று பெயர் சொல்லியே மறுத்தல் வேண்டும். "மந்தேக்கீயா" வெண்ணெய், "மந்தேக்கா" பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. ஓரசை வேறுபாட்டில் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன! இனிப்புப் பண்டங்களில் இதனைக் கூர்ந்து நோக்குக. ஒவ்வாமை தரும் பொருள்கள் 14ஐ உணவகங்கள் அறிவித்தல் வேண்டுமென்னும் ஐரோப்பியச் சட்டம் 2014 முதல் நடப்பில் உள்ளது. பன்றி அப்பட்டியலில் இல்லை. எனவே வினவுவதே வழி.

வினவ நாணவேண்டியதில்லை. ஒரு காலத்தில் இதே நகரில் பன்றியிறைச்சியை மறுப்பதே சமய விசாரணை மன்றத்தின் ஐயத்திற்கு ஏதுவாயிற்று. இன்று மறுத்தால், பரிமாறுபவர் முட்டையும் உருளைக்கிழங்கும் கலந்த தொர்த்தீயாவைக் கொணர்ந்து வைப்பார், அவ்வளவே. கிரனாடாவில் பானம் வாங்கினால் தாப்பா என்னும் சிற்றுண்டி விலையின்றிக் கிடைக்கும். ஆயினும் அவை மதுக்கடைகளாதலின், பல்கலைக்கழக உணவுக்கூடமே ஏற்றது என்பது நம் கருத்து. காலையில் ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் தடவிய ரொட்டி, பகலில் மீன் அல்லது கொண்டைக்கடலை என வயிறு நிறையும்; கடலைக் குழம்பில் பன்றித் தொத்திறைச்சி உண்டா என்பதை மட்டும் கேட்டறிக. ஹலால் இறைச்சிக் கடைகளும் உள. அல்பைசீன் குன்றின்மேல் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலில் கடையின் முகவரியைக் கேட்டறியலாம்.

கடைவீதியில் மொழி துணை நிற்கும். அரிசிக்கு அரோஸ், சர்க்கரைக்கு அசூகர், எண்ணெய்க்கு அசெய்தே. மூன்றும் அரபுச் சொற்கள் வழி வந்தவை. கத்தரிக்காய் பெரென்ஹேனா, அது அரபியின் பாதிஞ்சான். ஆரஞ்சுப்பழம் நரான்ஹா. அரபியின் நாரஞ்ச் என்பதன் வழி வந்த இச்சொல்லின் வேர் திராவிட மொழிகளில் உள்ளதென்பர் சொல்லாய்வாளர்; நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியிலுள்ள நாரத்தங்காய் அதன் உறவே.